பத்தொன்பது வருஷ முதுகு

கும்சுன்னின் அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு ஓட்டலில் பேனர் கட்ட வேண்டும், அம்மா படம் ஒன்று அனுப்புங்கள் என்று மகள் போரா கேட்டிருந்தாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். புருஷன் தல்ஹோவிடம் இல்லாத படமா? இலை சிவக்கும் பருவம் வந்தால் போதும், காமிராவும் கையுமாக மலை மலையாக அலைகிற மனுஷன்.

கும்சுன் ஆல்பங்களை எல்லாம் பரப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷப் படங்களிலும் அவள் இருந்தாள். அத்தனையிலும் முதுகுதான். மரத்தின் உயரம் தெரிவதற்காக மஞ்சள் குளிர்கோட்டு மாட்டித் தூரத்தில் நடக்கவிட்ட, கட்டைவிரல் அளவு முதுகு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை விடிவதற்குள் நேஜாங் மலைக் குளக்கரையில் ட்ரைபாட்கள் இடித்துக்கொண்டு நின்றன. குளத்தில் வெயில் நேராக விழுவது ஐந்தே நிமிஷம். அதற்காகத்தான் அத்தனை பேரும் இருட்டிலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள்.

"போராம்மா, அந்தக் கல்லு மேல போய் நில்லு. நான் சொன்னதும் மரத்தைப் பாத்து மெதுவா நட," என்றார் தல்ஹோ.

கும்சுன் போனாள். போய், காமிராவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"என்ன இது, அந்தப் பக்கம் திரும்பு."

"மூஞ்சிய எடுங்க."

"மூஞ்சி எடுக்கறது கல்யாண போட்டோக்காரன் வேலை. நான் மரத்தை எடுக்கறேன்."

"அப்ப மரத்துக்கே பொறந்தநாள் கொண்டாடுங்க. கேக்கையும் அதுக்கே ஊட்டுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்துக் காமிராக்காரர் கெஞ்சினார்: "அக்கா, வெயில் வந்துடும். எந்தப் பக்கமாவது நின்னு தொலைங்களேன்."

அவள் அசையவில்லை. வாய்தான் சண்டை போட்டதே தவிர, உள்ளுக்குள் பயமாக இருந்தது. இந்த மனுஷனுக்கு நம் முகம் ஞாபகமாவது இருக்கிறதா?

மலை முகட்டைத் தாண்டி வெயில் இறங்கியது. குளம் மொத்தமும் செக்கச்செவேல் என்று ஆனது. எல்லாக் காமிராவும் படபடவென்று அடித்தன. தல்ஹோவின் காமிரா மட்டும் சும்மா இருந்தது. அவர் குனிந்து, லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தூரத்து முகத்தையும் கிட்டே இழுக்கும் நீள லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்பப் போய் லென்ஸ் மாத்தறீங்களே. வெயில் போகுது," என்று பக்கத்துக்காரர் பதறினார்.

கல்லின் மேல் நின்றவளுக்கு இது எதுவும் தெரியவில்லை. விரலை நீட்டிக் கத்தினாள்: "என் மூஞ்சிக்கு என்ன கொறைச்சல்னு கேக்கறேன், வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

அப்போதுதான் தல்ஹோ அழுத்தினார்.

விருந்தில் அந்தப் படம்தான் சுவரை அடைத்துத் தொங்கியது. திறந்த வாயும் நீட்டிய விரலுமாக. சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அச்சு அசல் நம்ம கும்சுன் என்றார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள். முகத்துக்குப் பின்னால் வெறும் சிவப்புக் கலங்கல்.

"ஏங்க, ஒரு எலைகூடத் தெரியலையே. அன்னிக்கு அவ்வளவு நல்ல வெயிலாச்சே."

தல்ஹோ அரிசிக் கேக்கை மென்றுகொண்டே சொன்னார். "எலைய யாரு பாத்தா?"

கும்சுன் அவர் தட்டில் இன்னொரு துண்டு எடுத்து வைத்தாள்.