இரண்டாம் கியரில் இறங்கும் வண்டி

சான்பாடாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏசிக்கு நேர் கீழே இசக்கிசெல்வியின் இருக்கை. ஜூலை மழையிலும் அந்த ஏசியை யாரும் குறைப்பதில்லை. துப்பட்டாவைக் காதோடு சுற்றி, அதன்மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே திரையில் ஒரு வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்கப் வண்டி. காலையில் காலியாகப் புனே பக்கம் ஏறிப்போய், தக்காளியும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் மலைப்பாதையில் இறங்கி வருகிற வண்டிகள். காய்கறியைச் செல்போனில் வாங்குகிற வீடுகளுக்கு மறுநாள் விடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும்.

புள்ளி பச்சையாக இருக்கும்வரை அவளுக்கு வேலை இல்லை. சிவப்பானால் டிங் என்று ஒரு சத்தம் வரும். உடனே அந்த டிரைவரைக் கூப்பிட்டு, திரையில் வருகிற வாசகத்தை இந்தியில் படிக்க வேண்டும். வேகம் கூடினால் ஒரு வாசகம், வண்டியை நிறுத்திப் போட்டிருந்தால் ஒரு வாசகம், என்ஜின் அதிகமாகச் சுற்றினால் ஒரு வாசகம். என்ஜின் அதிகம் சுற்றினால் டீசல் அதிகம் குடிக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. கூப்பிட்ட பிறகு புள்ளி பச்சையாக மாறினால் நல்லது. மாறாவிட்டால் டிரைவரின் மார்க்கில் ஒன்று குறையும், கூப்பிட்டவளின் மார்க்கிலும் ஒன்று குறையும்.

டிங்.

கண்டாலா இறக்கம், பதினாலாம் நம்பர் வண்டி. இசக்கிசெல்வி முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டாள். பதினாலாம் நம்பரை ஓட்டுகிற மாரிக்கண்ணன் அவள் புருஷன்.

அது அந்த மாடியில் யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது என்று விதி. வேலைக்குச் சேரும்போது அவள் தன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்து இசக்கிசெல்வி கோமதிநாயகம் என்று கொடுத்தாள். அது பொய்யுமில்லை. பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் கட்டின புருஷனை "மாரிக்கண்ணன் ஜி" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவனும் ரொம்ப மரியாதையாக "ஜி மேடம்" என்பான். தாராவியில் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அதை வைத்தே வம்புக்கு இழுப்பான். "மேடம், இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊத்துங்க" என்பான். அவள் கரண்டியை ஓங்குவாள்.

இன்று வம்புக்கு இடமில்லை. அவன் மார்க் சரியாக எழுபதில் நின்றது. எழுபதுக்குக் கீழே போனால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"மாரிக்கண்ணன் ஜி, இன்ஜின் ஜ்யாதா கூம் ரஹா ஹை. ஊப்பர் கா கியர் லகாயியே," என்று படித்தாள். என்ஜின் அதிகம் சுற்றுகிறது, மேல் கியருக்கு மாற்றுங்கள்.

மழை பெய்கிறது, முழு லோடு, இரண்டாவது கியரை விட்டால் வண்டி தள்ளிக்கொண்டு போகும் என்று அவன் இந்தியிலேயே சொன்னான். பின்னால் வைப்பர் அடிக்கிற சத்தமும், என்ஜின் முக்கிக்கொண்டு இறங்குகிற சத்தமும் கேட்டன. ஆக்சிலேட்டரில் காலே இல்லை மேடம், பிறகு டீசல் எப்படிப் போகும் என்று கேட்டான். அதற்குத் திரையில் வாசகம் இல்லை. அவள் முதல் வாசகத்தையே மறுபடி படித்தாள். புள்ளி சிவப்பாகவே இருந்தது.

இசக்கிசெல்வி குனிந்து, மைக்கைக் கையால் மூடினாற்போல் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னும் செவப்பாவே நிக்குது. இதுவும் போச்சுன்னா நாளைக்கே வண்டிய வாங்கிருவாவ. புது வண்டிதான, ஏபிஎஸ் இருக்குல்லா? மூணுல போட்டுட்டு பிரேக்க மிதிச்சு வாங்க."

ஏபிஎஸ் பற்றி அவளுக்குத் தெரிந்தது கேஷவ் சொன்னதுதான். கேஷவ் அந்த மாடியின் சூப்பர்வைசர். எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் இருக்கிறது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்று டிரைவர் புலம்பினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தான். மாரிக்கண்ணனும் அதைப் பாதி நம்பினான். பழைய வண்டியில் அது கிடையாது, அதனால் கியரிலேயே இறங்கினோம், இதில்தான் இருக்கிறதே என்று அவனே ஒருநாள் சொல்லியிருக்கிறான். ஆனாலும் லோடோடு இறங்கும்போது கை தானாக இரண்டாவது கியருக்குப் போய்விடும்.

கியர் மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு என்ஜின் சத்தம் தணிந்தது. புள்ளி பச்சையானது.

"டீக் ஹை மேடம்," என்றான். சரி மேடம்.

அவளுக்கு உயிர் வந்தது. ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

அடுத்த டிங் வந்தபோதும் அது பதினாலாம் நம்பர்தான். இந்த முறை வேறு வாசகம். வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது, காரணம் கேட்கவும். கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை யாரோ ஒருவர் எடுத்து மராத்தியில் பேசினார். வண்டி மலைச்சுவரில் மோதிக் கிடக்கிறது, ரோடு முழுக்கத் தக்காளி, டிரைவருக்கு உயிர் இருக்கிறது, கோப்போலி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள்.

அவள் எழுந்து கேஷவிடம் போனாள். என் புருஷன் என்று சொல்ல முடியவில்லை. வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். "பதினாலு சிவப்பா இருக்கே, அதை முடிச்சிட்டுப் போ," என்றான் கேஷவ். அவள் திரும்பி வந்து, காரணம் என்ற கட்டத்தில் விபத்து என்று தட்டிவிட்டு, படியில் இறங்கி ஓடினாள்.

மாரிக்கண்ணனுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நெற்றியில் தையல். மற்றபடி பிழைத்துக்கொண்டான்.

"மொதல்ல நல்லாத்தான் பிடிச்சுது," என்றான் அவளிடம். "பாதி எறக்கத்துல கருகுன வாட வந்துச்சு. அப்புறம் மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போவுது, வண்டி நிக்க மாட்டேங்கு. ரெண்டுக்குப் போடப் பாத்தேன், விழல. முன்னால ஒரு ஸ்கூல் பஸ்சு. என்ன செய்ய? மலைப்பக்கமா ஒடிச்சு சுவத்துல தேச்சுக்கிட்டே போனேன்."

அவள் அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வாயால்தான் சொன்னோம் என்பது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

பத்து நாள் கழித்து, வண்டியில் விட்டிருந்த சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுக்க இருவரும் செம்பூரில் இருந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். கம்பெனி வண்டிகளைப் பார்க்கிற காசிம், கழற்றி வைத்திருந்த பிரேக் டிரம்மைக் காலால் புரட்டிக் காட்டினான். உள்பக்கம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"ஏபிஎஸ் இருந்துமா இப்படி?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

"ஏபிஎஸ் என்ன செய்யும்மா? திடீர்னு மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம பாத்துக்கும், அதான் அதோட வேல. சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எறக்கம் பூரா மிதிச்சிட்டே வந்தா எந்தப் பிரேக்கும் வெந்துரும்." காசிம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "ஏபிஎஸ் வேல செய்யுதான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். நல்லாத்தான் இருக்கு, நான் வேற என்ன எழுத?"

அவன் எழுதிக் கொடுத்தது அன்று மாலையே மாரிக்கண்ணனின் செல்போனுக்கு வேறு உருவத்தில் வந்தது. வண்டியின் ஏபிஎஸ் நல்ல நிலையில் உள்ளது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தவறாகப் பயன்படுத்தியதே விபத்துக்குக் காரணம். ஓட்டுநர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். ஆஸ்பத்திரிச் செலவு பற்றி அதில் ஒன்றுமில்லை.

மாரிக்கண்ணன் அதை இரண்டு முறை படித்தான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். மேல் தளத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு லேசாக அதிர்ந்தது.

"மேல் கியருல போடச் சொன்னது அவனுவதான? விட்ரதா? பேசுனது பூராம் பதிவாயிருக்கும்லா. எடுத்துப் போடுங்கன்னு கேப்போம்."

"இருக்கும். அதுல நானும் இருக்கேன்."

"நீ படிச்சது அவனுவ எழுதிக் குடுத்ததுதான?"

"இந்தில படிச்சது அவங்க எழுதுனது. அப்புறம் தமிழ்ல சொன்னது? பிரேக்க மிதிச்சு வாங்கன்னு சொன்னது நாந்தான?"

"அங்க எவனுக்குத் தமிழ் தெரியும்?"

"தெரிஞ்சவங்களக் கூப்பிட்டுக் கேக்க எம்புட்டு நேரம் ஆவும்? ஏங்கன்னு கூப்பிட்டிருக்கேன். யார் கேட்டாலும் சொல்லிருவாவ, பொண்டாட்டிதான் இப்படிக் கூப்பிடுவான்னு."

மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "இத்தன நாளு மேடமா இருந்துட்டு, அன்னைக்குத்தான் பொண்டாட்டியாவணுமா?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் சொல்லாட்டா நீங்க ரெண்டுலயே வந்திருப்பிய."

"வந்திருப்பேன். மார்க் போயிருக்கும். வண்டி போயிருக்கும். இப்ப கை ஒண்ணு கூடப் போச்சு, அம்புட்டுதான்." தலையணையை இழுத்துச் சரிசெய்தான். "பதிவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்போதைக்கு உன் வேல ஒண்ணுதான் இருக்கு. அதக் கெடுத்துக்கிடாத. மூஞ்சியக் கழுவு."

அவள் போய் முகத்தைக் கழுவினாள். வயிற்று வலியைச் சொல்லியே இத்தனை நாள் லீவில் இருந்தவள், மறுநாள் வழக்கமான ரயிலைப் பிடித்து சான்பாடாவுக்குப் போனாள். கேஷவ் வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்டான். கெட்ட ஆள் என்று அவனைச் சொல்ல முடியாது. அவனுக்கும் ஒரு திரை இருந்தது, அதில் இந்த மாடி முழுக்க மார்க்காகத் தெரியும்.

அடுத்த மாதம் பதினாலாம் நம்பர் வண்டி தகடு தட்டி, பெயின்ட் அடித்து, புது டிரம் போட்டுத் திரும்பி வந்தது. சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து ஜகந்நாதன் என்று ஒரு புது டிரைவர். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அவனுக்கு இந்திதான் சரளம். வண்டி கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு முறை கூப்பிட்டு, "மேடம், எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று அவனாகவே கேட்டான். அவள் இருக்கிறது என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிங் என்றது.

கண்டாலா இறக்கம். பதினாலு. என்ஜின் அதிகம் சுற்றுகிறது. திரையில் அதே வாசகம் வந்து நின்றது. இசக்கிசெல்வி வரைபடத்தைப் பார்த்தாள். அந்த வளைவுதான். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் கொட்டும்.

கூப்பிட்டாள். எடுத்தவுடனே அவன், "ஸாரி மேடம், தெரியும் மேடம், இதோ மாத்திடறேன்," என்று இந்தியில் படபடத்தான். அவன் குரலுக்குப் பின்னால் வைப்பர் அடித்தது. என்ஜின் முக்கியது.

"எந்தக் கியர்?" என்று கேட்டாள், அவளும் இந்தியில்.

"ரெண்டாவது மேடம். லோடு ஜாஸ்தி. மாத்திடறேன்."

வாசகத்தைப் படிக்க வாயைத் திறந்தாள். பின்னால் கேஷவின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"உஸீ மே ஆயியே," என்றாள். அதிலேயே வாருங்கள்.

"மேடம், மார்க் போயிடுமே."

"போகும்."

"நேத்துதான் ஒண்ணு போச்சு. வீட்ல இந்த வண்டிய நம்பித்தான் இருக்காங்க." அவன் குரலில் இப்போது மரியாதை குறைந்திருந்தது. "உங்களுக்கென்ன மேடம், ஏசியில உக்காந்துட்டுச் சொல்லிட்டீங்க."

வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. கியர் மாறுகிற சத்தம் கேட்கிறதா என்று ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக் கேட்டாள். மாறவில்லை. என்ஜின் அதே கனத்தில் முக்கிக்கொண்டு இறங்கியது.

"இசக்கி, பதினாலு இன்னும் சிவப்பு," என்றான் கேஷவ் பின்னாலிருந்து.

"பேசிட்டேன் சார்."

திரையில் ஜகந்நாதன் பெயருக்கு நேரே ஓர் எண் குறைந்தது. வலது மூலையில் அவள் பெயருக்கு நேரேயும் ஒன்று குறைந்தது. புள்ளி சிவப்பாகவே ஒவ்வொரு வளைவாக நகர்ந்தது. ஒரு வளைவு முடிந்து அடுத்ததற்குள் நுழையும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. இடையில் இன்னொரு முறை டிங் என்றது. இருவர் பெயருக்கு நேரேயும் இன்னுமோர் எண் போனது.

கோப்போலியில் ரோடு சமதரைக்கு வந்ததும் புள்ளி தானாகப் பச்சையானது. குறைந்த எண்கள் அப்படியே இருந்தன.