நவம்பருக்கு நேரே மார்பளவு

விஜிலா தரையில் வரைந்த வரைபடத்தில் பிப்ரவரிக்கு நேரே நின்றவர்களுக்குக் கணுக்கால் நனைந்தது, நவம்பருக்கு நேரே நின்றவர்களுக்கு மார்பு வரை நனைந்தது. தண்ணீர் உப்புக் கரித்தது. அறை வாசலைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் தரவு வரைபடத் துறையில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த பின்பக்க அறையில் இது நடந்தது. குழாய் உடைந்திருக்கும் என்று பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த அறைக்குக் குழாயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஜிலா அந்தத் துறையில் ஆராய்ச்சியாளர். மன்னார் வளைகுடாவில் மிதக்கும் கருவிகள் அனுப்புகிற அலை உயரங்களைக் கணினித் திரையில் கோடாக வரைவது அவள் வேலை. அந்தக் கோடுகளுக்காக விருதும் வாங்கியிருந்தாள். ஒரு நவம்பர் காலையில், கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஜெஸ்டினிடம் செல்போனில், நவம்பருக்கு நேரே உயர்ந்திருந்த அப்படி ஒரு கோட்டைக் காட்டினாள். "ஏளா, கோடு அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவனை மறுநாள் ஒரு கப்பலில் வந்தவர்கள் தூக்கினார்கள். கூடப் போன ரோச் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெஸ்டின் தங்கையைப் பார்த்து, "நீ காட்டுனது சரியாத்தான் இருந்திருக்கு. ஆனா அது என்னைப் பயங்காட்டலையேளா" என்றான்.

அதற்குப் பிறகு அவள் திரையில் எதையும் வரையவில்லை. நாற்காலிகளை வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, அதே அலை உயரங்களை ஜனவரி தொடங்கி மாதவாரியாகச் சுவரிலிருந்து சுவர் வரை நீலப் பெயிண்டால் தரையில் இழுத்தாள். ஆட்கள் அதன்மேல் நடந்து பார்க்கட்டும் என்பதற்கு மேல் அவளுக்கு எண்ணம் எதுவும் இல்லை. டிசம்பரை முடித்துத் தூரிகையை வைத்தபோது தண்ணீர் ஏறியது. அவள் சேலையைப் பிழிந்துவிட்டு, பெயிண்ட் கரைகிறதா என்று குனிந்து பார்த்தாள். கரையவில்லை.

துறைத்தலைவர் ஜெயகணேஷ் கெட்டவர் அல்ல, பயந்தவர். "காட்சின்னா கண்ணுல படணும்மா, இது முட்டியிலல்லா படுது" என்றார். அவள் எழுதிய ஆய்வுக்கட்டுரை எங்கோ ஒரு நாட்டில் மதிப்பீட்டாளரின் மேசையை நனைத்தது. கட்டுரை வடிவம் விதிமுறைக்கு உட்பட்டதாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியில் தரைக்கோட்டின் மேல் வெள்ளையடித்தார்கள். தண்ணீர் வெள்ளைக்கு மேலும் அதே அளவில் ஏறியது. ஆகஸ்டில் நின்ற ஒரு மாணவியின் துப்பட்டாவில் சாளை மீன் ஒன்று சிக்கியது. விடுதியில் அதைப் பொரித்துத் தின்றார்கள்.

ஜெஸ்டின் ஒருநாள் வந்தான். விபத்துக்குப் பிறகு அவன் கடல் பக்கமே போகாதவன். யாரும் சொல்லாமலே நேராக நவம்பருக்குப் போய் நின்றான். அலை அவனைத் தூக்கி இறக்கியது. பற்கள் கிட்டிக்க, "இதைத்தான்ளா அன்னைக்கு காட்டிருக்கணும்" என்றான். அந்த வரைபடத்தை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

சென்னையிலிருந்து விசாரிக்க வந்த பேராசிரியர் வேட்டி சட்டையோடு பிப்ரவரியில் மட்டும் நின்றார். இது வரைபடம் அல்ல, ஈரம், அறையைப் பூட்டுங்கள் என்றார். பூட்டோடு ஆள் வந்தபோது விஜிலா நவம்பரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தாடையைத் தொட்டது.

"எந்திரிம்மா, இது ஆராய்ச்சியே இல்ல" என்றார் வாசலில் நின்ற ஜெயகணேஷ்.

"பேர நீங்களே வச்சுக்கிடுங்க சார். ரூம் எனக்கு வேணும்."

"வேலையும் போயிரும்."

"போட்டும். நான் போக மாட்டேன்."

அவள் போகவில்லை. ஜெஸ்டின் சோறு கொண்டுவந்து தலைக்கு மேல் தூக்கிப்பிடித்துக் கொடுத்தான். விரல்கள் வெளுத்துச் சுருங்கின, தலைமுடியில் உப்புப் பூத்தது. கடைசியில் ஜெயகணேஷ் பேண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, சுருட்டியது வீண் என்று தெரிந்ததும் அப்படியே நடந்து, அவள் பக்கத்தில் போய் நின்றார். பேராசிரியர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "எனக்கு இங்கன வேலை இருக்கு சார்" என்றார் ஜெயகணேஷ். அதற்குப் பிறகு பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

செய்தி பரவியது. வேறு துறைகளில் இடம் கிடைக்காதவர்கள் வந்தார்கள். ஆறுமுகநேரி உப்பளத்து வெயிலை வரைந்த மாரிச்செல்வத்தின் வரைபடத்துக்கு முன்னால் நின்றவர்களுக்கு உதடு வெடித்தது. துறைமுகத்துக் கிரேன்களின் சத்தத்தை வரைந்த ஜெயபிரியாவின் படத்தைப் பார்த்தவர்கள் சாயங்காலம் வரை கத்திக் கத்திப் பேசினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அறை ஒரு சுவர் அளவு உள்ளே நீண்டது. கட்டிடத்தின் வெளிப்புறம் அப்படியேதான் இருந்தது. அளக்க வந்த பொறியாளர் உள் அளவு ஒன்று, வெளி அளவு ஒன்று என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி பிறந்ததும் மீனவர்கள் கூட்டமாக வந்து நவம்பரில் நின்றுவிட்டுப் போனார்கள். வாடை அடித்த நாட்களில் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. அந்த வருஷம் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

மறுவருஷம் தரவு வரைபடக்காரர்களின் மாநாடு தூத்துக்குடியில் நடந்தது. அழைப்பிதழில் தங்குமிடம், சாப்பாடு பற்றிய குறிப்புகளுக்குக் கீழே, மாற்றுத்துணி கொண்டுவரவும் என்று அச்சிட்டிருந்தார்கள். எல்லோரும் கொண்டுவந்தார்கள்.