பாருக்கு வெளியே நின்ற கப்பல்

பருத்தித்துறைக் கரையோரம் நீளத்துக்குப் பவளப்பாறைத் தொடராய் முருகைக்கல் பார் கிடக்கிறது. அதற்கு உள்ளே கடல் குளம்போல் அடங்கியிருக்கும். வெளியிலிருந்து வருவதற்கு ஒடுங்கிய ஒரு வாய்தான் உண்டு. நிவாரணக் கப்பல் வரும் நாட்களில் வள்ளத்தில் எதிரே போய், கயிற்றேணியில் ஏறி, கப்டனின் பக்கத்தில் நின்று வழிகாட்டுபவர் சந்தியோகு.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில், போரால் தரைவழி அடைபட்டிருந்ததால், அவருடைய மனைவி யோசப்பின் அதே கப்பலில்தான் திருகோணமலை வழியாக நெஞ்சு ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போனாள். அவரேதான் வாயைக் கடத்திவிட்டார். அதன்பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் கப்பலில் ஏறியதும் அவர் கண் முதலில் பயணிகளைத்தான் தேடும்.

கார்த்திகையில் ஒருநாள் அவள் நின்றாள். மெலிந்து, சால்வையால் போர்த்துக்கொண்டு. அவர் கையை மட்டும் உயர்த்திவிட்டு மேலே போனார்.

வாயில் அலை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. வள்ளமென்றால் அலைமேல் ஏறிப் போய்விடும். கப்பலின் அடி கல்லில் இடிக்கும்.

"போகலாமோ எண்டு கப்டன் கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் பஞ்சலிங்கம்.

சந்தியோகு வாயை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். ஒரு சுற்று வரச் சொன்னார். பிறகு இன்னொரு சுற்று.

"ஏலாது. திருகோணமலைக்கே திருப்பச் சொல்லுங்கோ."

கப்டனின் தட்டிலிருந்து கீழே இறங்கியபோது யோசப்பின் ஏணியடியில் நின்றாள்.

"அங்கை பாருங்கோ, எங்கடை கோயில் தெரியுது. உங்களாலை ஏலாதோ?"

"ஏலும் எண்டு சொல்லத்தான் மூண்டு தரம் பாத்தன்."

"அப்ப என்னை வள்ளத்திலை ஏத்துங்கோ."

"தைச்ச நெஞ்சோடை கயித்திலை இறங்க ஏலாதப்பா."

"நீங்களாவது என்னோடை வாங்கோவன்."

அவர் கரைப்பக்கம் கையைக் காட்டினார். "பிள்ளையள் ரெண்டும் கரையிலை நிக்குதுகள், யோசப்பின்."

அவள் அவருடைய ஈரச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வள்ளத்திலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்தான் அவளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கவேண்டியிருந்தது.

கரையில் மூத்தவள் கேட்டாள்: "அம்மா வந்தவவோ?"

"ஓம். சுகமா இருக்கிறா," என்று மட்டும் சொன்னார். கப்பல் புள்ளியாகி மறைந்த பிறகும் மூவரும் அங்கேயே நின்றார்கள்.

மாரி முழுக்கக் கப்பல் வரவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதென்று பார்க்கச் சந்தியோகு நாளுக்கு நாலைந்து தடவை கரைக்குப் போய்வந்தார். சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அலையைத் தான் பிழையாகப் பார்த்துவிட்டோமோ என்ற எண்ணம் அவரை விடவேயில்லை.

தை பிறந்து எட்டாம் நாள் கடல் அடங்கியது, கப்பல் வந்தது. யோசப்பின் அதில் இருந்தாள். வாயைக் கடந்து நங்கூரம் விழும்வரை அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் ஓடிவந்தார்.

"நீங்கள் செய்தது சரி எண்டு கப்பலிலை எல்லாரும் சொன்னவை," என்றாள் அவள். "எனக்கு மட்டும் இன்னும் கோவம் ஆறேல்லை."

"எனக்கும்தான்," என்றார் சந்தியோகு.