நெவிலுக்கு அரை டஜன் முட்டை

...அந்தக் கையைப் பார், பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைக்கிற கை, ஏப்ரலில் இந்தக் கைதானே வராந்தாவின் மரக் கைப்பிடியை மெஷின் போட்டுத் தேய்த்தது, பெயின்டர் வைத்தால் செலவாம், கீழே ஒரு பழந்துணிகூட விரிக்கவில்லை, நூறு வருஷத்துப் பெயின்ட் மாவாகப் பறந்து என் கோழிகள் கிளறுகிற மண்ணில் விழுந்தது, நான் என்ன செய்தேன், வீட்டு ஓனர் நெவில் எவ்வளவு பாடுபடுகிறார் என்று டீ போட்டுக் கொடுத்தேன்... சீ. இன்றும் மூன்று மாதத்துக்கொருமுறை அவன் வீட்டைப் பார்வையிட வரும் நாள் என்று கழிப்பறையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவியிருக்கிறேன். என் குழந்தை டல்லிக்கு இரண்டு வயது, ரத்தத்தில் ஈயம், பெயின்டிலிருந்து வந்தது என்று நர்ஸ் கடிதம் கொடுத்தாள், அப்புறம் நேற்று ஃபோனில், முட்டையையும் சோதித்துவிட்டோம், அதிலும் இருக்கிறது, இனி ஒன்றுகூடக் கொடுக்காதே என்றாள். தினமும் காலையில் ஊட்டியது யார்? கடை முட்டையில் என்ன சத்திருக்கிறது என்று தெருவெல்லாம் பெருமை பேசியது யார்?

கடிதத்தை நீட்டினேன், கண்ணாடியைக்கூடப் போடாமல் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "நான் பொறந்து வளந்த வீடும்மா இது. அந்தக் கைப்பிடியக் கடிச்சுத்தான் எனக்குப் பல்லே மொளச்சுது. எனக்கென்ன ஆயிடுச்சு?" ஆனதுதான் தெரிகிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். மண்ணையெல்லாம் மாற்ற முடியாதாம், பயமாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமாம், பிரிஸ்பேனில் இப்போது வீடு கிடைக்கிற லட்சணம் தெரிந்தே சொல்கிறான், சிரித்துக்கொண்டே, உதட்டோரம் ஊறிய பிஸ்கட், இவன் கோப்பையை இனி நான் கழுவ வேண்டும்...

எழுந்தவன் வாசலில் நின்றான். "இந்தத் தடவை முட்டை இல்லையா, ஜனெல்? என் பேத்திக்கு உங்க முட்டைன்னா உசுரு."

தூக்கிப் போட மறந்து ஃப்ரிட்ஜிலேயே இருந்தது அட்டைப்பெட்டி. வழக்கமான ஆறு, ஒவ்வொரு தடவையும் கொடுப்பதுதானே, கை தானாக எடுத்து நீட்டியது... கைதானா? கடிதத்தில் முட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேத்திக்கு என்ன வயது என்று நான் கேட்டதே இல்லை. படியிறங்கிப் போகிறான், முட்டையைப் பத்திரமாக முன் சீட்டில் வைக்கிறான், பெல்ட்கூட மாட்டிவிடுகிறான், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், நெவில் என்று ஒரு குரல், அவ்வளவுதான்... கடித்து வளர்ந்தவன், உண்மையிலேயே ஒன்றும் ஆகாது என்று நம்புகிறான் போலிருக்கிறது. நான் அப்படி நம்பவில்லையே. கார் திரும்பும்போது கையசைத்தான், நானும் அசைத்தேன்.