ஓவன் கதவில் விழுந்த உதை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். "நாம ரிப்பேர் பண்ற லிஃப்ட்டவிட இவன் கோபம் சீக்கிரம் மேல போயிடும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டில் யாரும் அதை வைத்துச் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவன் வந்தபோது மனைவி ஓவனிலிருந்து கேக் தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவளிடம்தான். அன்று ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எதிரிலேயே மேலதிகாரி அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அந்தக் கடுப்போடு வந்து நின்றவனிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சூடு" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். திறந்து கிடந்த ஓவன் கதவின் மேல் பூட்ஸ் காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். உள்பக்கக் கண்ணாடி பொலபொலவென்று கல்லுப்பு மாதிரி உதிர்ந்தது. கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. பக்கத்தில் நின்ற எட்டு வயது மகள் கத்தவில்லை. சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்து அறைக்குள் போய்விட்டாள்.

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த எதிர்வீட்டுக்காரியிடம், "தட்டு கை தவறி விழுந்துடுச்சு" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்தான். கீல் கொக்கிகளைத் திருப்பிவிட்டு, கதவைப் பாதி மூடி, அப்படியே தூக்கிக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின் மேல் படுக்க வைத்தான். திருகாணிகளைக் கழற்றினான். உதிர்ந்த துண்டுகளைப் பழைய பெயின்ட் பிரஷால் கூட்டி எடுத்தான். வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் வருஷக்கணக்கான எண்ணெய்க் கறை பழுப்பாக ஒட்டியிருந்தது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி அரைமணி நேரம் ஊறவிட்டான். அதற்குள் வளைந்த கீலை இடுக்கியில் கவ்வி, தட்டித் தட்டி நிமிர்த்தினான்.

கை வேலையில் இருந்தவரை மனசு லேசாகத்தான் இருந்தது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடி பளிச்சென்று ஆனது. 'இதைப் பார்த்தா அவளுக்கே ஆச்சரியமா இருக்கும்' என்று நினைத்துக்கொண்டான்.

கதவை மாட்டி, சரியாக மூடுகிறதா என்று பார்த்தான். டப். திறந்து மறுபடி மூடினான். டப். உள்ளறையில் மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவைதான் கவனித்தான்: கதவு மூடும்போதெல்லாம் அந்தக் குரல் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பத் தொடங்கியது.

அப்புறம் கதவை அவன் தொடவில்லை.

மத்தியானம் மனைவியின் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதையும் ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுவாள். மேசையில் கிடந்த சுத்தியலையும் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்தவள், "என்னடி ஆச்சு?" என்றாள்.

"தட்டு கை தவறி..."

"இல்ல அண்ணி" என்றான் அவன். "நான்தான் உதைச்சேன்."

மனைவி தலை நிமிரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி எல்லாம் லேசாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நம்பினான்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "சொன்னதுக்குச் சந்தோஷம் தம்பி. இவங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாள் என் வீட்டுல இருக்கட்டும்."

"அதான் சரி பண்ணிட்டேனே!" குரல் தன்னையறியாமல் ஏறியது. அது அவன் காதிலேயே விழுந்தது.

மனைவி முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "போன வருஷம் பீரோ கதவு. அதையும் நல்லாத்தான் சரி பண்ணீங்க. எனக்கு பயமா இருக்குங்க. அவளுக்கும்தான்."

மனைவி எடுத்துக்கொண்டது ஒரே பெட்டிதான். மகள் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் சுவரோடு ஒண்டி வழிவிட்டான். தடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நாலு மணிக்கு வரலாம் என்று மனைவி போனில் சொன்னதால் அக்கா வீட்டுக்குப் போனான். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"கோபத்துக்கு அக்கா சொன்ன டாக்டரைப் பார்த்தீங்களா?"

"ஒரு தடவை போனேன். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க."

"போங்க."

எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்கத்தான் வந்திருந்தான். கேட்கவில்லை. மகள் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அப்பா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்டா" என்றான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.