விதிப்படி ஒரு வாக்கியம்

அப்பாவின் சட்டைக் காலரை ஃபெபா நேராக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஐஸ் பெட்டிக்காரர் மூடியைப் பிடித்தபடி நின்றார். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய் எடுத்தாள்.

சுப்ரியா. ஓசூர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் செய்தி மடல் ஆபீஸில் அப்பா யேசுராஜுக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

“ஃபெபா, சார் பத்தி சர்குலர் போடணும். ‘இறைவனடி சேர்ந்தார்’னு போடச் சொல்றாங்க. சாரோட ரூல்படி ‘இறந்தார்’தான். எனக்கு டைப் பண்ணக் கை வர்ல.”

அங்கே எதை எப்படி எழுத வேண்டும் என்று விதிகள் வகுத்ததே அப்பாதான். இந்த விதி பிறந்த கதை ஃபெபாவுக்குத் தெரியும். பேராசிரியர் ராஜசேகர் இறந்தபோது, ‘நம்மை விட்டுப் பிரிந்தார்’ என்று மடலில் வந்தது. வேறு காலேஜுக்கு மாறிவிட்டார் போல என்று நினைத்த பழைய மாணவன் ஒருவன் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கே போன் பண்ணிவிட்டான். எடுத்தது அவர் மனைவி. அன்றைக்கே அப்பா பர்கூர் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு யாருக்காகவும் ‘இறந்தார்’ என்ற சொல்லை மாற்ற விடவில்லை.

“இருங்கக்கா, அம்மாவக் கேக்கறேன்.”

அம்மா கிருபாராணி காலையிலிருந்து அழவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், “கர்த்தருக்குள்ள தூங்கறாரு” என்றே சொல்லிக்கொண்டு, நின்றபடியே இருந்தாள். ஃபெபா விஷயத்தைச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

“அவரு என்ன எழுதி வெச்சிருக்காரு?”

“‘இறந்தார்’னும்மா.”

சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்தால எத்தன வாட்டி எழுப்புனேன் தெரியுமா பாப்பா? தூங்கறவரா இருந்தா எந்திரிச்சிருப்பாரு.”

அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து ஃபெபாவைப் பார்த்தாள்.

“அவரு எழுதுனபடியே போடச் சொல்லு.”

ஃபெபா கொல்லைப்பக்கம் வந்து போனைக் காதில் வைத்தாள். “அக்கா, அப்பா இறந்துட்டாரு. அப்படியே போடுங்க.”

மறுமுனையில் சுப்ரியா அழுதாள். பிறகு கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மா, “ஸ்வல்ப, கொஞ்சமாச்சும் குடியம்மா” என்று காபி டம்ளரை நீட்டினாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மா அதை வாங்கி, ஊதாமல் ஆற்றாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.