சீரியல் நேரத்துக் கிரகணம்

பாமாயில் ஆலை லோரி ஓட்டி ஓய்வு பெற்ற சிவானந்தம் சொல்வதில் கால்வாசியைத்தான் நம்பலாம் என்பது கோலா சிலாங்கூர் முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் மனைவி தனேஸ்வரி அந்தக் கால்வாசியையும் நம்புவதில்லை.

அவர் வாங்கி வந்த தொலைநோக்கி, கோயில் கிடாரம் பருமனுக்கு வாசலை அடைத்து நின்றது. "பழைய இரும்பு லோரி வரட்டும்" என்று தனேஸ்வரி தினமும் மிரட்டுவார்.

ஒருநாள் கனி பாய் கடையில் சிவானந்தம் வாயை விட்டார். "வர்ற அமாவாசை, எட்டரைக்கு, டிவி செயற்கைக்கோளுக்குக் கிரகணம் பாய். மங்கி அணையுறத நான் காட்டுறேன்."

"ராத்திரியில ஏது அண்ணே சூரியன்?"

"நமக்குத்தான் இறங்கிப்போச்சு. அது எம்மாம் உயரத்துல நிக்குது! அதுக்கு இன்னும் வெயிலடிக்குது. அந்த வெயில்லதான் மினுங்குது. நிலா நடுவுல பூந்தா அதுக்கு மட்டும் கிரகணம்."

அத்தனையும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்துவாரா? "மலேசியா பூரா சீரியல் நின்னுரும்!" என்றார்.

செய்தி வீட்டுக்குப் போனது. "மங்கலைன்னா மறுநாளே அது இரும்புக் கடைக்கு" என்று தனேஸ்வரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அமாவாசை வந்தது. கடைக்குப் பின்னால் இருட்டில் சிவானந்தம் தொலைநோக்கியோடு நின்றார். ஊரோ உள்ளே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டரை அடித்தது. சீரியல் ஓடியது.

"அண்ணே, மாமியார்க்காரி இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா லா!" என்று கனி பாய் கத்த, கடையே சிரித்தது.

தனேஸ்வரி விறுவிறுவென்று வெளியே வந்தார். "எடைக்குப் போடுறதுக்கு முன்ன ஒருவாட்டி பாத்துக்கிறேன், தள்ளுங்க." கண்ணை வைத்தார்.

"ஏங்க, எல்லா நட்சத்திரமும் நகருது. ஒண்ணு மட்டும் நட்டுவச்ச மாதிரி நிக்குது."

"அதான் அது!"

"அய்யோ, மங்குதுங்க!"

"மேகமா இருக்கும் அண்ணி" என்றபடி கனி பாய் ஓடி வந்தார்.

"மேகம்னா மத்ததும் மங்கணும்ல? அதெல்லாம் பளிச்சுனு இருக்கு. இது மட்டும்... போச்சுங்க! அணைஞ்சே போச்சு!"

"நானும் பாக்குறேன், தனேசு."

"சும்மா இருங்க. திரும்பி வரட்டும்."

சிவானந்தம் இடப்பக்கம் போனார், வலப்பக்கம் வந்தார், கெஞ்சினார். பலிக்கவில்லை. உள்ளே சீரியல், செயற்கைக்கோளின் பேட்டரி புண்ணியத்தில், தனேஸ்வரி இல்லாமலேயே முடிந்தது. "வந்துருச்சு!" என்று அவர் கைதட்டி நிமிர்ந்தபோது, சிவானந்தத்துக்கு மிஞ்சியது பழையபடி மினுங்கும் ஒரு புள்ளி.

மறுநாள் கடையில் தனேஸ்வரி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். "வானமே கறுத்துப்போச்சு பாய்! கைய நீட்டினா கை தெரியல!"

"அவ்வளவு இல்ல..." என்று தொடங்கிய சிவானந்தத்தை அவர் ஒரு பார்வை பார்த்தார். இரும்புக் கடைக்குப் போகாமல் வாசலில் நிற்கும் தொலைநோக்கி சிவானந்தத்துக்கு நினைவு வந்தது.

"ஆமா பாய்," என்றார் சிவானந்தம், முகமெல்லாம் பல்லாக. "நம்ம கம்போங் குவாந்தான் ஆத்தோரத்துல கூட்டமா மினுங்குற மின்மினியெல்லாம்கூட அணைஞ்சு போச்சு!"